எனக்குக் கால் எட்டாதாம்

பெங்களூரு பொம்மனஹள்ளி ஷோரூமில் இன்று பைக் கேட்டேன். வாரம் முழுக்க ஆபீஸ் போகவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ட்ரயல்ஸ் பைக் போட்டியில் பாறை ஏறவும் வேண்டும்.

சேல்ஸ்மேன் என் உயரத்தைப் பார்த்துச் சிரித்தார். “உங்களுக்குக் கால் எட்டாது மேடம். ஸ்கூட்டி பாருங்க.”

ட்ரயல்ஸில் கால் தரையில் பட்டாலே பெனால்டி என்று சொல்லிப் பார்த்தேன். சாவியைத் தரவே இல்லை.

எதிர்க் கடையில் அதைவிட உயரமான வண்டியை புக் செய்தேன். டெஸ்ட் ரைடில் நேராக அந்த சேல்ஸ்மேனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய், வண்டியை அசையாமல் நிறுத்தி, தரையில் கால் ஊன்றாமல் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்றேன். இவருடைய கஸ்டமர்கள் எல்லாம் வெளியே வந்து வீடியோ எடுத்தார்கள்.

சேல்ஸ்மேன் ஓடி வந்தார். “ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம். காலை ஊனி ஓரமா தள்ளுங்க!”

“எனக்குத்தான் கால் எட்டாதே சார்” என்றேன்.

வண்டி கைக்கு வந்ததும் தினமும் ஆபீஸுக்கு அந்த வழிதான். கைதட்ட யார் வருகிறீர்கள்?