நடுவில் ஆள் எதற்கு

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில், ஐரோப்பாவின் சமயச் சீர்திருத்தம் என்று ஒரு பாடம் வருகிறது. கடவுளுக்கும் எனக்கும் நடுவில் பாதிரியார் எதற்கு என்று கேட்டவர்களை ஊரை விட்டுத் துரத்தினார்கள், எரித்தார்கள் என்று ஒரு பத்தி. உடனே அடுத்த தலைப்பு. அதைப் போய் அரை மணி நேர நாடகமாக்கி, ஜவ்வாது மலையில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆண்டு விழாவில் போட்டேன். ஏன் என்று கேட்டால் கோபம்தான், வேறொன்றுமில்லை.

கோபம் ஊர்க்காரர்கள் மேல். என் மாணவி ஒருத்தியின் அம்மா, புருஷன் செத்த பிறகு ஒண்டியாகச் சாமை பயிரிடுகிறவர். திருவிழாவில் சாமியாடிக்கு அருள் வந்து, பருவத்தில் மழை தப்பியதற்கு இந்த அம்மாதான் காரணம், தாலியறுத்தவள் கோயில் படி ஏறியது சாமிக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அத்தனை கூட்டத்திலும் எழுந்து நின்று கேட்டிருக்கிறார்: "சாமிக்குக் கோவம்னா எங்கிட்டயே சொல்லட்டும். நானு நேராவே பேசிக்கிறேன். நடுவுல நீங்க எதுக்குங்க?"

அடேயப்பா! தலைமையாசிரியரிடமே மல்லுக்கு நிற்கிற எனக்குக்கூட அந்தத் தைரியம் வராது.

கோயில் முன்னால் விழுந்து, தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். மாட்டேன் என்றார். அந்தச் சூட்டிலேயே ஊரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டார்கள். யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது, கடையில் சாமான் கிடையாது, ஊர்ப் பொதுவில் களமாக இருக்கும் பாறையில் அவர் சாமைக் கதிர் அடிக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் கழுத்தைப் பிடித்தது. அறுத்த சாமை கட்டுக் கட்டாகக் கொல்லையில் கிடந்தது. தினமும் மத்தியானமானால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துப் போகும். தாயும் மகளும் வருஷம் முழுக்கச் சாப்பிட அதை விட்டால் வேறு கதியில்லை.

போலீசுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன்.

"போலீசு வந்துட்டு போய்டும் டீச்சர். நானு இங்கியே இருக்கணும் இல்ல?" என்றார். நான் வீட்டுக்கு வந்து நாடகம் எழுதினேன்.

நாடகத்தில் ஒரு நெசவுக்காரப் பெண். நகர மன்றம் அவளை விசாரித்துத் தண்டிக்கிறது. அந்த வேஷத்துக்கு ஒருவர் வீட்டிலும் பெண்ணை அனுப்பவில்லை. ஊர் தள்ளி வைத்தவளாக நடித்தால் நிஜமாகவே பலித்துவிடுமாம். கடைசியில் அந்த அம்மாவே வந்தார். "எம் பொண்ணு நடிக்கட்டும் டீச்சர். நடந்ததுக்கு மேல இன்னா நடந்துடப் போவுது?" என்று சிரித்தார். அந்த நிலைமையில் எப்படித்தான் சிரிப்பு வந்ததோ!

விழா மத்தியானம். சிறப்பு விருந்தினர் யாரென்றால், அந்த அம்மாவைத் தள்ளி வைத்துத் தீர்ப்புச் சொன்ன அதே ஊர்த்தலைவர். முதல் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் அரசாங்கத்து இடம், யார் தடுக்கிறார்கள் பார்ப்போம் என்று அந்த அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தேன். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பளி போர்த்தி, பஞ்சு தாடி ஒட்டிய மன்றத் தலைவன், "தப்பு என்று சொல்" என்று அதட்டினான். மகள், "சொல்ல மாட்டேன்" என்றாள். "அப்படியானால் இந்த நகரத்தை விட்டு உன்னைத் தள்ளி வைக்கிறோம்" என்று அவன் தீர்ப்பு சொன்னதுதான் தாமதம், ஊர்த்தலைவர் விருட்டென்று எழுந்துவிட்டார். நாடகத்தை நிறுத்தத்தான் போகிறார், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"டேய், நிறுத்துங்கடா! அந்தப் பொண்ணுக்குப் பொறந்த வூட்டு ஆளு எங்கடா? அண்ணன் தம்பி யாராச்சும் பக்கத்துல உக்காராம பொம்பளைக்குத் தீர்ப்பு சொல்றதா? இன்னாடா பஞ்சாயத்து இது?"

அது அந்த ஊர் முறை. எனக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்து, "ஐயா, இது ஐரோப்பாவுல நடக்குதுங்க" என்றேன்.

"எந்த ஊரா இருந்தா இன்னாம்மா? மொறைன்னு ஒண்ணு வேணாவா?"

கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. தாடிக்காரப் பையன் திருதிருவென்று என்னைப் பார்த்தான்.

அப்போதுதான் இரண்டாவது வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்தார். ஊர்த்தலைவரைப் பார்த்துக் கேட்டார்: "பெரியப்பா, கோயில் முன்னால என்னைத் தள்ளி வெச்சீங்களே, அன்னைக்கு எங்கண்ணன் எங்க இருந்தாருங்க?"

அண்ணன் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஊர்த்தலைவர் திரும்பி அவரைப் பார்த்தார். மழுப்பியிருக்கலாம், அதட்டி உட்கார வைத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த மனுஷரையும் மெச்சத்தான் வேண்டும்.

"அது செல்லாது," என்றார். "உங்கண்ணனை வரச் சொல்லு. முதல்ல இருந்து பேசலாம்."

"அவரு வர்ற வரைக்கும்?"

"அது வரைக்கும் நீ ஊர்ல ஒருத்திதான். உக்காரு, புள்ளைங்க நாடகத்தை முடிக்கட்டும்."

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாறைக்குப் போனேன். மேகம் திரண்டு நின்றது. முந்தின நாள் வரை முகம் கொடுத்துப் பேசாத பெண்கள் நான்கைந்து பேர் அந்த அம்மாவோடு சேர்ந்து சாமைக் கட்டுகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்து, மறுபடியும் தப்புன்னு சொல்லச் சொன்னா இன்னா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அதையேதான் சொல்லுவேன், சாமிகிட்ட நானு நேராவே பேசிக்கிறேன்னு," என்றார். "தள்ளி வெக்கிறதுன்னா வெச்சிக்கட்டும் டீச்சர். அதுக்குள்ள சாமை வூட்டுக்குப் போய்டும்."