பலாமரத்தடி ஜீப்பும் எலெக்ட்ரான் வளையமும்

காலை பத்து மணிக்குத் திரையில் இருந்த பிறை, பத்தேகாலுக்குக் காணாமல் போனது.

நாகர்கோவிலில் எங்கள் லேபில் லேசர் துடிப்பு ஓர் உலோகத்தைத் தட்டும். எலெக்ட்ரான்கள் சிறு கூட்டமாகக் கிளம்பும். கண்ணிமைப்பதைவிட வேகமாக நடப்பதைப் படமெடுக்கும் மைக்ராஸ்கோப்புக்கு அவைதான் வெளிச்சம். நான் செய்த சல்லடைத் தகடு அந்தக் கதிரை முறுக்கி, நடுவில் இருட்டுள்ள வளையமாக்க வேண்டும். முறுக்கிய கதிரால் அணுக்கருவையே சீண்டிப் பார்க்கலாம் என்கிறார்கள். ஐந்து மாதமாக எனக்குக் கிடைத்ததோ பிறை. அன்று பன்னிரண்டு மணிக்கு லேசர் வேறு குழுவுக்குப் போகிறது. பிறகு ஆறு மாதம் கிடைக்காது.

"தம்பி, இருந்த பிறையும் போச்சே" என்றார் என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை.

போன் அடித்தது. அப்பா. குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். வீட்டில் முதலில் படித்தவன் என்னதான் வேலை பார்க்கிறான் என்று பார்க்க அம்மாவோடு கிளம்பியிருந்தார்.

"மக்கா, வந்தாச்சு. நீ சொன்ன பிலாமரத்து மூட்டுல ஜீப்ப நிறுத்தியாச்சு."

பலாமரம் லேப் சுவருக்கு அந்தப் பக்கம். நிழலாக இருக்குமே என்று நான்தான் சொன்னேன். பக்கத்தில் இரும்பு வந்தால் காந்தப்புலம் மாறும், கதிர் விலகும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவனும் நான்தான்.

"அப்பா, வண்டிய மெதுவா பின்னால எடுங்க."

"என்னத்துக்குல? நல்ல நெழலு."

"எடுங்கப்பா, சொல்லுகேன்லா."

பத்து நொடிக்கு ஒரு படம் வரும். முதலில் ஒன்றுமில்லை. அடுத்து பிறை. அதற்கடுத்து, பிறையின் இரு முனைகளும் ஒன்றையொன்று தேடி வந்தன.

"நிறுத்துங்க. எஞ்சின அணைங்க."

முழு வளையம். நடுவில் இருட்டு. ஐந்து மாதமாகக் கதிரை எதுவோ ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. ஜீப் அதை மறுபக்கம் இழுத்துச் சரிசெய்துவிட்டது.

பேராசிரியை போனைப் பிடுங்கினார். "ஐயா, வண்டிய அசைக்காதீங்க. யாரும் இறங்கவும் வேண்டாம்."

"நான் எறங்கியாச்சே. இவ சோத்துப் பாத்திரத்தோட உள்ள இருக்கா."

"அவங்க அப்படியே இருக்கட்டும். பாத்திரமும்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "அப்பம் இந்த மரச்சீனி ஆறிப்போவாதா?"

பன்னிரண்டு வரை படமெடுத்தோம். நோட்டில், கதிரைக் குவிக்கும் லென்ஸின் கரண்டு அளவுக்குக் கீழே பேராசிரியை எழுதினார்: 'ஜீப், மரத்திலிருந்து நாலடி.'

ஆறிய மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி அப்பா வளையத்தைப் பார்த்தார். "இதுக்கா அஞ்சு மாசம்? நான் ஒரு நிமிசத்துல செஞ்சேனே."

இப்போது அந்த இடத்தில் கரண்டு ஓடும் ஒரு கம்பிச் சுருள் ஜீப்பின் வேலையைப் பார்க்கிறது. புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது: கதிர் விலகினால் சுவருக்கு வெளியேயும் போய்ப் பாருங்கள். வண்டி நின்றால் உடனே விரட்டாதீர்கள். முதலில் நாலடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.