இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் ஒத்த நேரம்

1995-ஆம் ஆண்டு, சித்திரை பிறந்து ஆறாம் நாள், புதன்கிழமை. காலை 6.35-க்கு அம்பத்தூரில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஏழரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்குமுன் படி இறங்கிவிட வேண்டும் என்பதால் காப்பி பாதியோடு நின்றது. கையில் ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் புட்டி, இந்த ஆண்டுப் பஞ்சாங்கம். வாசலில் இருந்து ரயில் நிலையம் வரை என் நடைக்கு 1,140 அடி. அன்று 1,163 ஆயிற்று. சாக்கடை தோண்டி வைத்திருந்தார்கள், சுற்றிப் போனேன்.

போக வேண்டிய இடம் பூந்தமல்லி. தூரம் அதிகமில்லை, ஆனால் நான் போன காரியம் அதுவரை நான் யாருக்கும் செய்யாதது. சிவபாலன் என்பவருக்கும் அவர் மனைவி குசுமாவுக்கும் ஊர் திரும்ப நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் ஊர் திருகோணமலை. சிவபாலன் தமிழர், குசுமா சிங்களப் பெண். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது படகேறி வந்து, என் வீட்டு முன்பகுதியில் பதினான்கு மாதம் குடியிருந்தார்கள். தேங்காயை வறுத்து அரைக்கும் வாசனை என் பூஜை அறை வரை வருகிறது என்று நான் குறைசொல்லாத வாரம் கிடையாது. பிறகு அவருக்குப் பூந்தமல்லிப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்து அங்கேயே போய்விட்டார்கள். போன பிறகு அந்த வாசனை இல்லாதது எனக்குச் சரிப்படவில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ரவி. ஊரை விட்டு ஓடிய அன்று அவன் உள்நாட்டுப் பக்கம், கந்தளாயில், குசுமாவின் அக்கா வீட்டில் இருந்தான். வயது ஐந்து. போய் அழைத்துவரப் பாதை இல்லை. கடற்கரைக்கு மட்டும்தான் பாதை இருந்தது. இப்போது அவனுக்குப் பத்து. சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். அவன் எழுதும் கடிதத்தை அம்மா படித்துச் சொன்னால்தான் அப்பாவுக்குப் புரியும். ஜனவரியில் போர்நிறுத்தம் வந்ததும் திரும்பிப் போகிறவர்கள் பட்டியலில் இருவரும் பெயர் கொடுத்தார்கள். நான் போன அந்தப் புதன்கிழமை மாலைக்குள் நகரத்துக்கு வடக்கே உள்ள முகாமுக்கு வந்து சேரச் சொல்லியிருந்தது; அங்கிருந்து கப்பல்.

7.04-க்கு மின்ரயில் வந்தது. ஒன்பது பெட்டி. ஆவடிக்கு 7.17.

ஆவடியில் நான் இருபது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், டாங்கி செய்யும் தொழிற்சாலையின் பண்டகசாலையில். திருகாணி எண்ணுவதுதான் வேலை. அப்படியும் அந்த ஊர் என்னை நிற்கவைத்துவிடும். முதல் ஷிப்டுக்குச் சைக்கிள்கள் போவதை ஒரு நிமிஷம் எண்ணினேன்: 118. மணியோசை கூட இல்லாமல் ஆறு மாதிரி போனார்கள். பேருந்து நிறுத்தத்தில் எல்லாரையும் ஒதுக்கிவிட்டு நீளமான இழுவண்டி ஒன்று வந்தது. அதன்மேல் தார்ப்பாய் போர்த்திய ஒரு டாங்கி. தரையின் அதிர்வு என் செருப்புக்குள் ஏறியது. பக்கத்தில் நின்ற கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்து, "இன்னா தாத்தா இது, ஊடு நடந்து போவுற மாதிரி கீது" என்றார். அவர் சொன்னது சரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வகை வண்டிகளில் சில அந்தத் தீவுக்குப் போய்வந்தன. அமைதி காக்கப் போகின்றன என்றார்கள். போன சிப்பாய்களில் திரும்பாதவர்களும் உண்டு. அமைதியும் வந்துசேரவில்லை. அத்தனை இரும்பாலும் நிலைநாட்ட முடியாத ஒன்றுக்கு நான் நூறு பக்கப் பஞ்சாங்கத்தோடு போய்க்கொண்டிருந்தேன்.

7.50-க்குப் பூந்தமல்லிப் பேருந்து. டிக்கெட் இரண்டு ரூபாய். பருத்திப்பட்டு ஏரியில் அந்தக் கோடையிலும் தண்ணீர் இருந்தது. கொக்குகளை எண்ணத் தொடங்கி, பதினேழில் பேருந்து திரும்பிவிட்டது. சென்னீர்க்குப்பம் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியதும் லாரிகள். பெங்களூர்ப் பக்கமிருந்து வருபவை, போகிறவை, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. உலகத்தில் எல்லாருக்கும் போக வர வழி திறந்திருக்கிறது என்று நினைக்கவைக்கும் சாலை அது.

8.25-க்கு இறங்கினேன். பட்டறைகளுக்குப் பின்னால் சந்து, ஓட்டு வீடுகள் வரிசையாக ஆறு. நான்காவது அவர்களுடையது.

"வாங்கோ ஐயா, வாங்கோ. இந்த வெயிலுக்கை வந்திருக்கிறியள்" என்று சிவபாலன் குடையை வாங்கிக்கொண்டார். உள்ளே நான்கு சாக்குமூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, கட்டித் தயாராக இருந்தன. மூட்டை கட்டியது இது மூன்றாம் தடவை. இரண்டு தடவை கட்டிப் பிரித்திருக்கிறார்கள். குசுமா வாழையிலையில் பாற்சோறு வைத்தார், பூப்போல் பொரித்த கொக்கிஸ் பலகாரம் இரண்டு வைத்தார். அவர்களுக்கும் வருஷப்பிறப்பு சித்திரையில்தான். சிங்களவருக்கும் தமிழருக்கும் அந்தத் தீவில் ஒரே வருஷப்பிறப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் பொருள் அன்றுதான் புரிந்தது.

குசுமாவின் அக்கா தன் ஊர் ஜோசியரிடம் எழுதி வாங்கி அனுப்பிய நேரச் சீட்டு ஒன்று இருந்தது. சிங்களத்தில் எழுதியது. இந்த வாரத்தில் வீட்டை விட்டுப் புறப்பட உகந்த நேரம்: புதன், காலை பத்து மணி எட்டு நிமிஷம், வடக்கே பார்த்து. சிவபாலனுக்குத் தமிழ்ப் பஞ்சாங்கமும் அதை ஒப்ப வேண்டும். கல்யாணத்தை ஒரு பஞ்சாங்கம் மட்டும் பார்த்து வைத்ததால்தான் இத்தனையும் வந்தது என்று அவர் தாயார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துக்கொள்ளும் நேரம்தான். கிடைக்காவிட்டால் காரியத்தைத் தள்ளிவைப்பார்கள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குசுமா சீட்டைப் படித்தார், நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். எமகண்டம் ஒன்பதுக்கு முடிகிறது. குளிகை பத்தரைக்குத் தொடங்குகிறது. குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பார்கள், ஊரை விட்டுக் கிளம்புவது இன்னொரு தடவை நடக்க வேண்டாம். ராகுகாலம் பன்னிரண்டுக்கு என்றேன். "எங்களுக்கும் புதன் பன்னிரண்டுக்குத்தான்" என்றார் குசுமா. பெயரும் ராகுதான். எனக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. அவர்களுடைய நட்சத்திரங்களைச் சொல்லச் சொன்னேன். அஸ்வித என்றார், நான் அஸ்வினி என்று எழுதினேன். பெரண, பரணி. ரெஹெண, ரோகிணி. புனாவச, புனர்பூசம். ஹத, அஸ்தம். ரேவதி வந்தபோது ரேவதி. விரல்விட்டு எண்ணினேன்: இருபத்தேழு. அவர்களுக்கும் இருபத்தேழு, வரிசை மாறவில்லை. வானத்தில் ஒன்றுகூட விட்டுப்போகாமல் ஒத்துப்போகிறவர்கள் கீழே பன்னிரண்டு வருஷமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுபது வயதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திருகோணமலை நமக்குக் கிழக்கே இருப்பதால் நாலு நிமிஷம் கழித்துப் பார்த்தேன், கூட்டியும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் 10.08 நின்றது.

"ரெண்டும் ஒத்துப்போகுது" என்றேன். சிவபாலன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

குசுமா ஒரு மூட்டையின் வாயைத் தளர்த்தி எனக்கு ஐந்து சட்டைகளைக் காட்டினார். வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு ரவிக்காகத் தைத்தவை. அளவெடுக்க ஆள் இல்லை. தெருவில் அவன் வயதுப் பிள்ளைகளைப் பார்த்து உத்தேசமாக வெட்டியிருக்கிறார். கடைசிச் சட்டை நீலக் கட்டம் போட்டது, பொத்தான் ஆறு.

9.40-க்கு வேன் வந்தது. ஓட்டுநருக்கு ஏழுமலை என்று பெயர், திருவேற்காட்டில் இருந்து பூந்தமல்லிக்கு ஆள் ஏற்றும் வேன். அன்று முகாம் வரை பேசியிருந்தார்கள். அவர் மூட்டையைத் தொடவில்லை. வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"இன்னா சார், நீங்க ரேடியோ கேக்கலியா?"

கேட்கவில்லை. வீட்டில் இருந்த பொருள்களில் விலையுயர்ந்தது ரேடியோதான். அடிபடக்கூடாது என்று முந்தின நாளே துணிகளுக்கு நடுவில் முதலில் கட்டிவைத்துவிட்டார்கள். ஐந்து வருஷமாக ஒரு செய்தியையும் தவறவிடாதவர்கள், அந்த ஒரு காலையில் கேட்கவில்லை.

"டீக்கடைல சொன்னானுங்க. உங்க ஊர்லதான், ஆர்பர்ல. ராத்திரி கப்பலுக்கு வெடி வச்சிட்டானுங்களாம். சண்ட திரும்ப ஆரம்பிச்சிடுச்சாம். முகாம்ல கேட் மூடிக்கீறாங்க, கப்பல் கெடையாதுன்னு நம்ம தோஸ்த் ஒருத்தன் அந்தாண்டேர்ந்து வந்துகினு சொன்னான்."

சிவபாலன் மூட்டையை அவிழ்த்தார். கயிற்றின் முடிச்சு அவர் விரலுக்கு வசப்படவில்லை, ஏழுமலைதான் அறுத்தார். ரேடியோவில் அந்தத் தீவின் சிங்கள நிலையம் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. பத்து மணிக்குச் செய்தி வந்தது. எனக்குப் புரிந்தது ஊர்ப்பெயர் ஒன்றுதான். குசுமா சுவரில் கை வைத்து நின்றபடியே கேட்டார். முடிந்ததும் ரேடியோவை அவரே அணைத்தார்.

"முடிஞ்சுது" என்றார். வேறொன்றும் மொழிபெயர்க்கவில்லை.

நூற்றொரு நாள் போர்நிறுத்தம். என் கைக்கடிகாரத்தில் 10.03. அந்த அறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான், அது என் கெட்ட பழக்கம். என்னால் அந்த நிமிஷங்கள் சும்மா கழிவதைப் பார்க்க முடியவில்லை. பரஸ்தானம் வைக்கலாமே என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் விழித்தார்கள். குறித்த நேரத்தில் கிளம்ப முடியாமல் தடங்கல் வந்தால், பயணத்துக்கான பொருள் ஒன்றை அந்த நேரத்தில் வீட்டை விட்டு அனுப்பி, போகும் திசையில் இன்னொரு வீட்டில் வைப்பது வழக்கம். பயணம் தொடங்கிவிட்டதாகவே கணக்கு. தடை நீங்கியதும் மீதியைப் போகலாம் என்று விளக்கினேன். சிவபாலன் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஐயா, துவக்குக்குப் பஞ்சாங்கம் தெரியுமோ?"

துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள் அவர்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். 10.05. குசுமாதான் பேசினார்.

"எங்கட ஆக்களிட்டை இது இல்லை. ஐயாவின்ரை வீடு எந்தப் பக்கம்?"

வடகிழக்கு என்றேன். முகாமும் அதே திசைதான். அவர் நீலக் கட்டச் சட்டையை மடித்தார். ஒரு பிடி அரிசியும் ஒரு மஞ்சள் துண்டும் போதும் என்று சொன்னேன். அவற்றையும் சேர்த்து மஞ்சள் துணிப் பையில் வைத்தார். சிவபாலன் எழுந்து வந்து பையின் ஒரு காதைப் பிடித்தார். இருவருமாக அதைத் தூக்கி, சரியாக 10.08-க்கு, வடக்கே பார்த்து, படிக்கு வெளியே நின்ற என் கையில் வைத்தார்கள். குசுமா அழவில்லை. நிமிர்ந்து நின்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர் மாதிரி பையின் வாயைச் சரிசெய்துவிட்டார். ஆவடியில் பார்த்த இரும்பு அந்தப் பெண்ணுக்கு முன்னால் எனக்குச் சின்னதாகப் போய்விட்டது.

"எத்தினை நாளைக்குச் செல்லும் ஐயா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தில் பத்து நாள். பதினோராம் நாள் அது வெறும் பை. நான் வாழ்நாளில் எண்ணிக்கையை மாற்றிச் சொன்னதில்லை. "நீங்க கிளம்பற வரைக்கும் செல்லும்மா" என்றேன்.

நான் பேருந்துக்குப் போகிறேன் என்றதற்கு ஏழுமலை விடவில்லை. "மொத சவாரி வண்டி காலியா போவக்கூடாது நைனா. ஏறிக்கோ." அவருக்கும் ஒரு சாத்திரம் இருந்தது. திருவேற்காடு வழியாகப் போனோம். கோயில் வாசலில் வேகம் குறைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 11.20-க்கு வீடு. பையை முன்பகுதியில், அவர்கள் குடியிருந்த அறையின் மேல்தட்டில் வைத்தேன்.

பொய் சொன்னவன் அதைக் காப்பாற்ற வேண்டும். பத்தாம் நாள் நல்ல நேரம் பார்த்துப் பையைக் கொரட்டூரில் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். இன்னொரு பத்தாம் நாள் அங்கிருந்து செங்குன்றத்தில் மருமகன் வீட்டில். பிறகு திரும்ப இங்கே. தெற்கே திரும்பி வருவது கணக்கில் சேருமா என்பது என் கவலை. கேட்க யாரும் இல்லை. தங்கை என்னைக் கிறுக்கன் என்கிறாள், ஆனால் பையை வாங்கும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறாள்.

இதை எழுதுவது அடுத்த சித்திரையில். சண்டை நடக்கிறது, பேச்சுவார்த்தை என்று அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது, மறுநாள் காணோம். முப்பத்தேழாம் முறை பையை மாற்ற இருந்த அன்று குசுமா பூந்தமல்லியிலிருந்து தனியாக, இரண்டு பேருந்து மாறி அம்பத்தூர் வந்தார். கையில் புதுச் சட்டை, ஆறாவது. பச்சை நிறம், கை இரண்டு விரற்கடை நீளம் கூட. நீலக் கட்டச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பச்சையைப் பையில் வைத்தார். அரிசியை மாற்றவில்லை.

வழியில் இருக்கும் பொருளை மாற்றலாமா என்று வழக்கத்தில் எங்கும் சொல்லவில்லை. கேட்கத் தயங்கி நின்றேன்.

"போறவன் வளந்திட்டான் ஐயா" என்றார். "பயணம் அதேதான்."