பெரிய டயர் போடச் சொன்னேன்

மைசூரில் வண்டிகளை மாற்றியமைக்கும் கடை வைத்து, அதைப் பற்றி வீடியோவும் போடுபவன் நான். பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போடலாமா என்று மலைப்பக்கத்து மார்டள்ளி விவசாயி ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். "தாராளமா போடுங்க" என்று எழுதினேன். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை, ஒரே வரியில் பதில் சொல்வதுதான் கெத்து என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவரே என் கடைக்கு வந்தார். கையில், டயர் உரசிக் கிழிந்த பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், வண்டியை மண்மேட்டில் மோதி நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் மகள் இருந்திருக்கிறாள்.

திட்டுவார் என்று நின்றேன்.

"நாங்க பொழைச்சுக்கிட்டோமுங்க. இதையே வேற யாருக்கெல்லாம் சொன்னீங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பழைய பதில்களைத் தேடி, டயரைச் சரிபார்க்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் எழுதுகிறேன். பலர் பதில் போட்டுவிட்டார்கள். போடாதவர்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம்.