சிவெர்ட் ஓப்தாலின் ஐந்தாவது ஃபவுல்

நூர்ஹைம் கல்லூரியில் வந்து சேர்ந்தபோது சிவெர்ட் ஓப்தாலுக்கு இருபது வயது. மற்ற பையன்கள் பதினாறில் வந்துவிடுவார்கள். விஸ்கான்சினின் வடகோடியில் ஒரு மரம்வெட்டு முகாமில் அவன் அம்மா சமையற்காரி. எண்பது பேருக்கு உருளைக்கிழங்கு அவித்துக் கொட்டும் அடுப்படியில் வளர்ந்தவன், பதினான்கு வயதில் ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்தான். ஆறு குளிர்காலம் அதை விடவில்லை. முகாமுக்குப் பிரசங்கம் செய்ய வந்த போதகர் ஒருவர், இவன் நார்வேஜிய வேதப்புத்தகத்தைத் தங்குதடையில்லாமல் வாசிப்பதைக் கேட்டு, கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார்.

வாசிக்கத் தெரிந்தவனுக்குக் கிரேக்கம் ஏறவில்லை. வகுப்பில் அவன் எழுந்து நின்றால் முன்வரிசைப் பையன்கள் புத்தகத்தால் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த மலையளவு உடம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதல் ஆண்டு முழுவதும் அவன் சுவரோரமாகவே நடந்தான். கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில், இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே பையன்கள் கூடைப்பந்து ஆடிய இடத்தில்தான் அந்த உடம்புக்கு முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தது. தன் பக்கத்து வளையத்துக்குக் கீழே நிற்க வேண்டும். வருகிறவனை விடக் கூடாது. அவ்வளவுதான். அதை அவன் மூன்று ஆண்டு செய்தான். சாப்பாட்டு அறையில் பையன்கள் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள்.

1908 பிப்ரவரியில், பந்தோடு பாய்ந்து வந்த வெளியூர்ப் பையன் ஒருவனை அவன் தோளால் இடித்துத் தள்ளினான். பையன் சுவரோரம் இருந்த நீராவிக் குழாயில் போய் விழுந்தான். கழுத்தெலும்பு முறிந்த சத்தம் மாடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

ஆசிரியர் குழு இரண்டு முறை கூடியது. விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் கிரேக்கப் பேராசிரியர் ஹெக்டால். அவர் சிவெர்ட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காரு, ஓப்தால்."

"நிக்கிறேன் சார்."

"பாதிப் பேரு இந்த ஆட்டத்தை இன்னைக்கே நிறுத்தணும்னாங்க. நான்தான் ஒரே ஒரு சீசன் கேட்டு வாங்கியிருக்கேன். புதுசா ஒரு விதி வந்திருக்கு, தெரியுமா? ஒருத்தன் முரட்டு ஃபவுல் அஞ்சு பண்ணினா ஆட்டத்தை விட்டு வெளியே போகணும்."

"தெரியும் சார்."

"நம்ம பையன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், அப்படி வெளியே அனுப்பப்பட்டான்னு ஆட்டத்தாள்ல இருந்தா, அன்னைக்கோட சரி. வளையத்தைக் கழட்டிருவாங்க. அடுத்த வருஷம், அதுக்கு அடுத்த வருஷம்னு எல்லாம் கிடையாது. அந்தக் கூடத்துல விறகு அடுக்கப் போறதா இப்பவே பேச்சு."

சிவெர்ட் தலையை ஆட்டினான்.

"வர்ற சீசனுக்கு உன்னையே கேப்டனாப் போட்டிருக்காங்க பசங்க. எனக்கு அதுல இஷ்டமில்ல. ஆனா தேர்ந்தெடுக்கிறது அவங்க பாடு. நீ போகலாம்."

வெளியே வந்தவன் நேராக அடித்தளத்துக்குப் போய்த் தூணில் சாய்ந்து நின்றான். ஒருவனுக்கு எலும்பை முறித்தவன் என்ற பெயர் ஏற்கெனவே வந்தாயிற்று. நூர்ஹைமில் இந்த ஆட்டத்தையே ஒழித்தவன் என்ற பெயரும் சேர்ந்தால், பிறகு அவன் யாரை ஏறெடுத்துப் பார்ப்பது?

நவம்பரில் பயிற்சி தொடங்கியபோது அவன் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தான். அந்தக் காலத்து ஆட்டத்தில் ஃபவுல் இரண்டு வகை. இடித்தல், பிடித்தல், தள்ளுதல் எல்லாம் முரட்டு ஃபவுல். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினாலும், பந்தை மூடிய கைமுட்டியால் குத்தினாலும் அதுவும் ஃபவுல்தான். எதிரணிக்கு ஒரு புள்ளிக்கான தண்டனை எறி கிடைக்கும். ஆனால் அதற்காக யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள். சிவெர்ட் இந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டான். யார் மேல் விசில் ஊதினாலும், எதற்காக ஊதினாலும், அவன் இடது கையில் ஒரு விரலை மடக்கிக்கொள்ள வேண்டும். நான்கு மடங்கிய பிறகு கை யார் மேலும் படக் கூடாது.

நடு ஆட்டக்காரன் ஆர்னே ஸ்கார் முணுமுணுத்தான். "பந்தோட ரெண்டடி ஓடுறதும் ஒருத்தன் மூக்குல இடிக்கிறதும் ஒண்ணாடா?"

"இங்க ஒண்ணுதான்."

"அஞ்சு விரல்தான் இருக்கு. தும்மினாலும் மடக்கணுமா, சொல்லிடு."

"மடக்கு," என்றான் சிவெர்ட். "ஆட்ட வேகத்துல நின்னு யோசிக்க முடியாது. யோசிச்சுத்தான் போன வருஷம் அப்படி ஆச்சா? கை தானாப் போச்சு. அது தானா நிக்கிற மாதிரிப் பண்ணணும்."

பையன்கள் பழகிக்கொண்டார்கள். பழக்கம் எவ்வளவு ஊறிற்று என்றால், ஆர்னே சாப்பாட்டு மேசையில் காப்பியைக் கொட்டியபோது அவன் விரல் தானாக மடங்கியது.

அதன்பின் தோல்விகள் தொடங்கின. ஜனவரியில் மூன்று. எதிரணிக்காரர்களுக்கு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நூர்ஹைம்காரன் திருப்பி இடிக்க மாட்டான். தைரியமாக உள்ளே போகலாம். ஓரிடத்தில் நாற்பத்தொன்றுக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு, தண்டனை எறியில் வந்தவை. அப்போதெல்லாம் ஓர் அணிக்குக் கிடைக்கும் தண்டனை எறி எல்லாவற்றையும் ஒருவனே எறியலாம். நூர்ஹைமுக்கு எறிந்தவன் எட்வின் மூன், இரண்டாம் ஆண்டு மாணவன், ஒல்லிப்பிச்சான். பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழிருந்து தூக்கி விடுவான். மற்றவர்கள் அடிவாங்கி வாங்கிச் சேர்த்துக் கொடுத்ததை அவன் கோட்டில் நின்று புள்ளியாக்கினான். அணியின் பிழைப்பே அதுதான்.

போகிற ஊரிலெல்லாம் மாடத்தில் இருந்து கத்துவார்கள். "ஏப்பா ஞாயிறு பள்ளிப் பையா, இடிச்சியே, மன்னிப்புக் கேட்டியா?" "பெரியவரே, உங்க கையை அம்மா கிட்டக் குடுத்துட்டு வந்தீங்களா?" பெரியவர் என்றது சிவெர்ட்டைத்தான். அவன் கேட்காததுபோல் வளையத்துக்குக் கீழே நிற்பான். யாராவது அவன் விலாவில் முழங்கையை இறக்கிவிட்டுப் போவார்கள். ரயிலில் திரும்பும்போது யாரும் பேசுவதில்லை. பிப்ரவரி முடிவில் ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி. ஆட்டத்தாள்கள் ஒவ்வொன்றாகத் தபாலில் ஹெக்டாலுக்குப் போய்ச் சேர்ந்தன. எதிலும் யாரும் வெளியேற்றப்படவில்லை.

பத்தாவதும் கடைசியுமான ஆட்டம் ஹாலிஸ்டர் கல்லூரியோடு, அவர்கள் ஊரில், மார்ச் முதல் வாரம். ஊர்க் காவல்படையின் பயிற்சிக் கூடத்தில் ஆட்டம். கூட்டத்தையும் ஆட்டக்காரர்களையும் பிரிக்கக் கம்பிவலை கட்டியிருந்தார்கள். வலையில் மோதுகிறவனுக்குத் தோள் கோடு கோடாகக் கிழிந்தது.

ஹாலிஸ்டரில் கிராண்டல் என்று ஒரு முன்னணி ஆட்டக்காரன் இருந்தான். சிரித்த முகம். தொடக்கத்திலேயே சிவெர்ட்டின் காலை மிதித்துவிட்டு, "எலும்பு முறிக்கிறவரு நீங்கதானா?" என்று மரியாதையாகவே கேட்டான். சிவெர்ட் அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். விசில். ஒரு விரல் மடங்கியது. கொஞ்ச நேரத்தில் வளையத்தடியில் கிடைத்த பந்தோடு அவன் மூன்றடி எடுத்து வைத்துவிட்டான். விசில். இரண்டாவது விரல். இடைவேளைக்குச் சற்று முன், கிராண்டலின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு மூன்றாவது.

இடைவேளையில் நூர்ஹைம் பத்து, ஹாலிஸ்டர் பன்னிரண்டு. அந்த ஆண்டில் இவ்வளவு நெருக்கமாக அவர்கள் வந்ததே இல்லை. எட்வின் சுவரில் சாய்ந்து கைகளைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"சிவெர்ட், இன்னைக்கு ஜெயிச்சிரலாம்," என்றான்.

"வாயை மூடு," என்றான் ஆர்னே. "சொன்னா நடக்காது."

இரண்டாம் பாதியில் பந்து தலைக்கு மேல் வந்தபோது சிவெர்ட் அவசரத்தில் அதைக் கைமுட்டியால் குத்தி வெளியே தள்ளினான். விசில். நான்காவது விரல் மடங்கியது. இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

அந்தப் பதினொரு நிமிடமும் அவன் கயிற்றில் நடந்தான். கிராண்டல் வரும்போதெல்லாம் பாதையில் போய் மரம்போல் நின்றான், கையைத் தூக்கவில்லை. ஆர்னேயின் உதடு கிழிந்திருந்தது. எட்வின் எறிந்த எறியெல்லாம் விழுந்தது. ஒரு நிமிடம் மிச்சமிருக்கையில் நூர்ஹைம் பதினேழு, ஹாலிஸ்டர் பதினாறு.

பந்து கம்பிவலையில் பட்டுத் தெறித்து கிராண்டலின் கைக்கு வந்தது. அவனுக்கும் வளையத்துக்கும் நடுவில் சிவெர்ட் மட்டும்தான். கிராண்டல் பந்தைத் தட்டிக்கொண்டு இடப்பக்கமாகச் சுற்றினான். அவன் இடுப்பு சிவெர்ட்டின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. வளைத்துப் பிடித்தால் ஹாலிஸ்டருக்கு ஒரே ஒரு தண்டனை எறி, விழுந்தாலும் சமநிலைதான். ரம்பம் பிடித்த கை அது. பிடித்திருந்தால் கிராண்டல் நின்றிருப்பான்.

சிவெர்ட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டான். தன்னால் முடிந்தவரை உடம்பைப் பாதையில் திணித்தான். கிராண்டல் அவனைச் சுற்றிப் போய்ப் பந்தை மேலே விட்டான். பந்து வளையத்தில் ஒருமுறை உருண்டு உள்ளே விழுந்தது.

பதினெட்டு, பதினேழு. நடுவில் பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள், நேரம் முடிந்தது என்று துப்பாக்கி வெடித்துவிட்டது.

உடைமாற்றும் அறையில் ஆர்னேதான் முதலில் பேசினான். "கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்ன. சர்ச்ல காணிக்கைப் பை வர்றப்போ கடைசி பெஞ்சுக்காரன் நிப்பானே, அப்படி."

"நாலு ஆயிருச்சுடா."

ஆர்னே உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். "நாலா?"

"நாலு."

"சரி," என்றான் ஆர்னே. "அப்போ வேற வழியில்ல."

ரயிலில் அவனே தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து சிவெர்ட்டின் மடியில் வைத்தான். எட்வின் எதிர் பெஞ்சில் இருந்து சொன்னான்: "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஆர்னேக்கு ஒண்ணு. நீ நின்னதாலதான் இருக்கு. உனக்கு இதுதான் கடைசி, உனக்குத்தான் ஒண்ணுமில்லாமப் போச்சு." சிவெர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பனி மூடிய வயல்கள். தோற்ற பத்து ஆட்டத்தில் அந்த ஒரு பயணத்தில்தான் அவனுக்குத் தொண்டையில் ரொட்டி இறங்கியது.

நான்கு நாள் கழித்து ஹாலிஸ்டரில் இருந்து ஆட்டத்தாள் வந்தது. ஹெக்டால் அணி முழுவதையும் அறைக்கு வரவழைத்தார். அவர் முகம் மலர்ந்திருந்ததைப் பையன்கள் அதுவரை பார்த்ததில்லை.

"இது கடைசித் தாள். ஆசிரியர் குழுவுல படிச்சுக் காட்டிட்டேன். அடுத்த வருஷமும் ஆட்டம் உண்டு. இனிமே நிபந்தனை எதுவும் கிடையாது." கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "ஓப்தால், உன்னைப் பத்தி நான் தப்பா நினைச்சிருந்ததை ஒத்துக்கணும். இவ்வளவு அடிதடி நடந்த ஆட்டத்துல உன் பேருக்கு நேரா முரட்டு ஃபவுல் ரெண்டே ரெண்டு."



"எத்தனை சார்?" என்றான் ஆர்னே.

"ரெண்டு. தள்ளினது ஒண்ணு, பிடிச்சது ஒண்ணு. பந்து ஃபவுலும் ரெண்டு இருக்கு, ஆனா அது இதுல சேராது. நாலு வரைக்கும் போக அனுமதி இருந்தும் ரெண்டோட நிறுத்திக்கிட்டான். அதுதான் கட்டுப்பாடு."

சிவெர்ட் மேசையைப் பிடித்துக்கொண்டு தாளைத் தலைகீழாகவே வாசித்தான். அவன் பெயருக்கு நேரே இரண்டு கோடு, தள்ளி வேறு கட்டத்தில் இரண்டு கோடு. விதி அவனுக்குத் தெரியாததல்ல. நவம்பரில் அவனே பையன்களுக்கு விளக்கிச் சொன்னதுதான். அந்தக் கடைசி நிமிடத்தில் அது அவன் தலையில் எங்குமே இருக்கவில்லை. கிராண்டலைப் பிடித்திருந்தால் அது மூன்றாவதுதான்.

"ரொம்ப நன்றி சார்," என்று அவன் சொன்னான். மாடிப்படியில் இறங்கும்போது ஆர்னே அவனுக்கு முன்னால் போனான். கீழே போய்ச் சேரும்வரை திரும்பவில்லை.

சனிக்கிழமை அணியின் புகைப்படம். ஆண்டின் எண்ணை வெள்ளைச் சாயத்தில் எழுதிய பந்தை மடியில் வைத்துக்கொண்டு கேப்டன் நடுவில் உட்கார வேண்டும். அது வழக்கம். படக்காரர் நாற்காலிகளைப் போட்டு முக்கால் மணி நேரம் ஆகியும் சிவெர்ட் வராததால், எட்வின் அவன் அறைக்கு ஓடினான். கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. சிவெர்ட் கம்பளிக் காலுறைகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் உக்காந்தாச்சு. நடு நாற்காலி காலியா இருக்கு."

"நீ உக்காரு."

"கேப்டன்தான் உக்காரணும்."

"எட்வின், மூணு வாரத்துல ஆத்துல ஐஸ் உடையும். வெட்டின மரத்தை ஆத்தோட தள்ளிவிட ஆள் வேணும்னு முகாம்ல இருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க."

"பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே. அதை எழுதிட்டுப் போ."

"கிரேக்கம் எப்படியும் வராது."

எட்வின் வாசற்படியில் நின்றான். கீழே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "யாரும் உன்னை ஒண்ணும் சொல்லல சிவெர்ட். சத்தியமா. ஆர்னேகூட ஒண்ணும் சொல்லல."

"தெரியும்," என்றான் சிவெர்ட். "சாப்பாட்டு ரூம்லயும் ஒண்ணும் சொல்லல. நாலு நாளா யாரும் ஒண்ணும் சொல்லல."

காலுறையை வைத்துவிட்டுப் பெட்டியை மூடி, அது சரியாகப் பூட்டாததால் அதன் மேல் உட்கார்ந்தான்.

"போடா. வெளிச்சம் போயிரப்போகுது."

எட்வின் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தான்.