கையில் எடுத்த செருப்பு

“தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வர ஒழுங்கா ஒரு ரோடு இல்ல. நீ சந்திக்கு லைட்டு போடப் படிச்சு என்ன செய்யப்போற?” என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பலாபத்வலப் பக்கம் ஒரு சந்திக்கு எப்படிப்பட்ட போக்குவரத்து விளக்கு பொருந்தும் என்று பார்த்துவர அலுவலகம் என்னை அனுப்பியபோது, மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் அந்தப் பெண்ணைக் கண்டேன். மெலிந்த உடம்பு, தூறலில் நனைந்த சேலை. ஆட்கள் வீதியைக் கடக்கும் மஞ்சள் கோட்டருகே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இடப்பக்கம் திரும்பும் லொறிகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. சிறிது இடைவெளி கிடைத்ததும் வெறுங்காலோடு ஓடி என் பக்கம் வந்து சேர்ந்தார்.

“இங்க லைட்டு வரப்போகுது அக்கா. அப்பறம் செருப்போடவே நடந்து வரலாம்” என்றேன் பெருமையாக.

“மஞ்சக்கோடு போட்டப்பவும் இதத்தான் சொன்னாங்க தங்கச்சி.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தில் ஏன் கோபம்கூட இல்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அலுவலகத்தில் இரண்டு யோசனைகள் இருந்தன. இடப்பக்கம் திரும்பும் வாகனங்களுக்கு எப்போதும் பச்சை அம்பு. அல்லது ஆட்கள் கடந்து முடியும்வரை அவற்றுக்கும் சிவப்பு.

“நாலு பேர் கடக்க லொறியெல்லாம் வரிசையில நிக்கணுமா?” என்றார் மேலதிகாரி. அவருக்குப் பச்சை அம்புதான் பிடித்திருந்தது. அது வந்தால் அந்தப் பெண் விளக்கின் கீழும் ஓடத்தான் வேண்டும்.

சிவப்பே வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். ஏற்பார்களா தெரியாது. கீழே என் பெயரை முழுதாக எழுதி, நேற்றே மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன்.