எதிர் கராஜின் நீலப் பெட்டி

எஞ்சின் வேலை பழகுவதுகூடச் சுலபம். சொந்த மச்சினன் எதிரிலேயே கராஜ் போட்ட பிறகு அந்த வேலையைப் பார்ப்பதுதான் கஷ்டம். கை முழுக்க ஒயிலும் வயிறு முழுக்க எரிச்சலுமாக இருக்கும் சக மெக்கானிக்குகளே, உங்களுக்கு இது புரியும்.

பெட்டி வந்தது

என் மனைவியின் தம்பி ரமேஷ் கட்டாரிலிருந்து திரும்பி, வட்டகொடையில் என் கராஜுக்கு நேர் எதிரே ஒரு கராஜ் திறந்தான். முதல் நாளே நீலப் பெட்டி ஒன்றை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் திறந்து வைத்தான். உள்ளே, இறுகிய பாகங்களை இழுத்துக் கழற்றும் புல்லர்கள். எஞ்சினின் கிராங்க் சாஃப்ட் முனையில் கனத்த பேலன்சர் சக்கரம் இருக்குமே, அதைக் கழற்ற மட்டும் விதவிதமாக வைத்திருந்தான். என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு மூணு கால் புல்லர். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

என்னிடம் வேனை ரிப்பேருக்கு விடும் செல்வராணி அக்காவும் போய் எட்டிப் பார்த்தார். தோட்டத்துப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றிப்போகும் வேன் அது. இவரும் அந்தப் பக்கம் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே, பெட்டி எப்படி என்று கேட்டேன்.

"ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா குழி வச்சிருக்காங்க தம்பி. எங்க லயத்து வீட்டுல ஆறு பேரும் ஒரே காம்பராவுலதான் படுக்கிறோம்."

மூணு கால்

ஒரு சனிக்கிழமை அந்த வேனில், சாஃப்ட் முனையில் ஒயிலை அடைத்து வைக்கும் சீல் கசிந்தது. சீலை மாற்ற பேலன்சரைக் கழற்ற வேண்டும். அதன் வெளிவளையத்துக்கும் நடுக்கட்டைக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது. வளையத்தைப் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும். நடுக்கட்டையின் மரை ஓட்டைகளில் போல்ட் ஏற்றி இழுக்கிற புல்லர்தான் சரி. எனக்கும் தெரியும். ஆனால் அது இருந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

ரமேஷ் வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்த்தான். அவனிடம் போய்க் கேட்பதா? மூணு காலையும் வளையத்தில் மாட்டி முறுக்கினேன். வளையம் மட்டும் கையோடு வந்தது. செல்வராணி அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஸ்கூல்ல வாணி விழா. ஆடுற பிள்ளைங்க எல்லாம் என் வேன்லதான் தம்பி வரணும்."

ஆயுத பூசை

ஹட்டனில் பழைய பேலன்சர் ஒன்று கிடைத்தது. ஆனால் சாஃப்டில் ஒட்டிக்கொண்டிருந்த நடுக்கட்டையை எடுக்காமல் அதை மாட்ட முடியாது. மறுநாள் ஞாயிறு ஆயுத பூசை. சாமான் எல்லாம் சாமி முன்னால். அடுத்த நாள் காலைவரை யாரும் தொடமாட்டோம். வேனை நினைத்தால் கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும், இன்றைக்காவது அவனும் நானும் ஒன்று என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதையும் என் மனைவி விஜயா கெடுத்தாள். இரண்டு கராஜிலும் சாமான்களுக்குப் பொட்டு வைத்தது அவள்தான்.

"தம்பி கராஜுல பொட்டு வச்சே கை வலிக்குது. இங்க ஒரு நிமிசத்துல முடிஞ்சிருச்சு."

பொட்டில்லாத புல்லர்

மத்தியானம் ரமேஷே துணியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். போல்ட் புல்லரும் அதற்கு வேண்டிய ஸ்பேனர்களும். அவன் பிடிக்க நான் முறுக்கினேன். நடுக்கட்டை சத்தமே இல்லாமல் கழன்று வந்தது. சாயங்காலத்துக்குள் சீலும் பேலன்சரும் மாட்டி வேனைக் கிளப்பிவிட்டோம். மறுநாள் காலையில் தலை நிறையப் பூவோடு பிள்ளைகள் கையாட்டிக்கொண்டு போனார்கள்.

புல்லரைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன், அதில் பொட்டு இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"சனிக்கிழமை அந்த ரப்பர் கிழிஞ்சதப் பாத்தேன் மச்சான். ஒங்களுக்குத் தேவைப்படும்னு இதயும் இந்த ஸ்பேனருங்களயும் மட்டும் சாமிகிட்ட வைக்கல."

செல்வராணி அக்கா இன்றும் என்னிடம்தான் வருகிறார், ஆனால் அன்றுவரை அவன் பெட்டியைப் பார்த்து மட்டும் எரிந்த வயிறு, இப்போது அவன் மனசைப் பார்த்தும் எரிகிறது.